எல்லாம் பச்சை என்றால் நஷ்டம் எங்கிருந்து வந்தது?

கேள்வி இது: "மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏழு வருடமாக டிசைன் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள். எம்.பி.ஏ. படித்ததில்லை. பொறியாளராக இருந்து பெரிய நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆன ஒருவரிடமிருந்து நிர்வாகம் கற்க வேண்டுமானால் யாரைப் பார்ப்பது, அவரிடம் எதைக் கற்பது?"

நான் ஆலன் முலாலியைச் சொல்வேன். 2006 முதல் 2014 வரை ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி. அதற்கு முன் 37 வருடம் போயிங்கில் விமானம் கட்டியவர். ஸ்டீவ் ஜாப்ஸ், எலான் மஸ்க் என்று யாரையாவது எதிர்பார்த்திருப்பீர்கள். அவர்களிடமிருந்து நீங்களும் நானும் எடுத்துக்கொள்ளக்கூடியது குறைவு என்பது என் கணிப்பு. முலாலி செய்தது ஒரு சாதாரண வாராந்திர மீட்டிங். அதை எட்டுப் பேர் வைத்துக்கொண்டு நீங்களும் செய்யலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிலில் 20 வருடத்துக்கு மேல் தரக்கட்டுப்பாட்டில் ஓட்டிவிட்டேன். ஆகவே நான் சொல்வதில் கேஜ் (பாகத்தை அளக்கும் கருவி), ரிஜெக்‌ஷன், லைன் (உற்பத்தி வரிசை) நிற்பது என்ற வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முலாலி கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்து 1969-இல் போயிங்கில் சேர்ந்தார். எம்.பி.ஏ. இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள் அல்லவா, அவரும் 1982-இல் எம்.ஐ.டி.யில் ஒரு மேலாண்மைப் பட்டம் வாங்கினார். ஆனால் அவர் நிர்வாகம் கற்ற இடம் அது என்று எனக்குத் தோன்றவில்லை. போயிங்கில் முதன்முதலாக மேற்பார்வையாளர் ஆனபோது நடந்த ஒன்றை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கீழே வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஏன் என்று கேட்டால், 'நான் போட்டுக் கொடுத்ததை எல்லாம் நீ உன் கைப்பட வரைந்தது மாதிரி ஆகும்வரை திருத்திக்கொண்டே இருந்தாய், அது உன் வேலையே கிடையாது' என்ற பொருளில் பதில் வந்தது.

உங்களுக்கு இது இப்போதே பொருந்தும். நல்ல டிசைன் ஆளைத்தான் தலைவராக்குவார்கள். தலைவரான மறுநாளும் அவர் நல்ல டிசைன் ஆளாகவே இருப்பார், அங்கேதான் வம்பு. குழுவில் ஒரு பையன் கொண்டுவரும் டிராயிங்கைப் பார்த்ததும் கை பரபரக்கும். 'இதை நானே செய்திருந்தால் அரை மணி நேரம்' என்று தோன்றும். தோன்றுவது உண்மையாகவும் இருக்கும். அரை மணி நேரம் எட்டுப் பேருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

அப்புறம் வந்தது 777 விமானம். 1992-இல் அந்தத் திட்டத்தின் முழுப் பொறுப்பும் முலாலியிடம் வந்தது. காகித வரைபடமும் முழு அளவு மாதிரியும் வைத்து விமானம் செய்துவந்த போயிங், முழுக்கவும் கணினியிலேயே வடிவமைத்த முதல் பயணிகள் விமானம் அது. குழாயும் கம்பியும் சட்டமும் ஒன்றோடொன்று இடிக்கிற இடங்களைத் திரையிலேயே பிடித்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆட்களை உட்காரவைத்த விதம். அதற்கு முன்பெல்லாம் டிசைன் பிரிவு படத்தை முடித்து உற்பத்திப் பிரிவின் தலையில் கட்டும், அவர்கள் 'இதை எப்படிய்யா பொருத்துவது' என்று திருப்பி அனுப்புவார்கள். 777-க்கு டிசைன், உற்பத்தி, சப்ளையர் எல்லாரும் கலந்த 200-க்கும் மேற்பட்ட குழுக்கள் அமைத்தார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ், யுனைடெட், ஆல் நிப்பான் போன்ற வாடிக்கையாளர்களின் பொறியாளர்களையே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். 1994 ஜூன் 12-இல் முதல் விமானம் பறந்தது. அடுத்த ஜூனில் பயணிகள் சேவைக்கு வந்துவிட்டது.

லட்சக்கணக்கான பாகங்கள், உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சப்ளையர்கள், ஒரு நாள் தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும் அட்டவணை. இப்படிப்பட்ட வேலையில் ஒருவன் கெட்ட செய்தியை ஒரு வாரம் ஒளித்துவைத்தால் என்ன ஆகும் என்பது முலாலிக்கு அங்கே எலும்பில் இறங்கியிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எல்லாப் பிரிவுத் தலைவர்களும் உட்கார்ந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு நிலைமையைச் சொல்லும் பழக்கத்தை அவர் ஃபோர்டுக்குக் கொண்டுபோனது போயிங்கிலிருந்துதான்.

2005-இல் போயிங்கின் தலைமைப் பதவி காலியானது. முலாலிக்குக் கிடைக்கும் என்று பலரும் நினைத்தார்கள். கிடைக்கவில்லை. வெளியிலிருந்து ஜேம்ஸ் மெக்னெர்னியைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் செப்டம்பரில் ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் பில் ஃபோர்டு, தான் உட்கார்ந்திருந்த தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியிலிருந்து தானே எழுந்து அதை முலாலிக்குக் கொடுத்தார். சொந்தப் பெயர் போட்ட கம்பெனியில் இது என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு வேறு துறை ஆளைக் கூப்பிடுவது லேசான காரியமில்லை. முலாலியைப் புகழ்கிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கார் தொழிலின் ஊரான டெட்ராய்ட் முகம் சுளித்தது. விமானக்காரனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். போதாக்குறைக்கு, அவர் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது லெக்சஸ் என்று சிரித்தபடி ஒப்புக்கொண்டார், அதுதான் உலகத்திலேயே சிறந்த கார் என்றும் சொல்லிவைத்தார்.

சரி, அந்த மீட்டிங்குக்கு வருவோம். இந்தப் பதிலே அதற்காகத்தான்.

வியாழக்கிழமை காலை, டியர்பார்ன் தலைமையகத்தில், எல்லாப் பிரிவுத் தலைவர்களும் ஒரே மேஜையைச் சுற்றி. ஒவ்வொருவரும் தன் பிரிவின் திட்டம் என்ன, இன்றைய நிலை என்ன என்பதைத் தானே சொல்ல வேண்டும், உதவியாளரை வைத்துச் சொல்லக்கூடாது. திட்டப்படி போனால் பச்சை. சிக்கல் இருக்கிறது, வழியும் தெரிகிறது என்றால் மஞ்சள். சிக்கல் இருக்கிறது, வழி தெரியவில்லை என்றால் சிவப்பு. மேஜையில் ஃபோன் நோண்டக்கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுக்கக்கூடாது, அடுத்தவரை மட்டம் தட்டிச் சிரிக்கக்கூடாது. எந்த வாரமும் ரத்து கிடையாது.

முதல் சில வாரங்கள் எல்லா ஸ்லைடும் பச்சை. அந்த 2006-ஆம் வருடம் ஃபோர்டின் நஷ்டம் 1,260 கோடி டாலர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் ஒரு தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முலாலி கேட்டார்: நூற்றுக்கணக்கான கோடிகளை இழக்கப் போகிறோம், சரியாகப் போகாத விஷயம் ஒன்றுகூடவா இல்லை?

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தக் கம்பெனியில் சிக்கல் என்று ஒன்றைச் சொன்னால், அதைச் சொன்னவனே சிக்கல் என்று முத்திரை விழும். மீட்டிங்குக்கு முன்பே தனித்தனி மீட்டிங் போட்டு யார் என்ன சொல்வது என்று பேசிவைத்துக்கொள்வார்கள். அடுத்தவன் தடுமாறினால் தனக்கு லாபம். பல வருடம் அப்படி வாழ்ந்தவர்களிடம், பயப்படாமல் சொல்லுங்கள் என்று புதிதாக வந்த ஒருவர் சொன்னால் நம்பிவிடுவார்களா?

ஒரு வியாழக்கிழமை மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பு போட்டார். அவர் அமெரிக்கக் கண்டப் பிரிவுகளின் தலைவர். முலாலி வந்திருக்காவிட்டால் அந்த நாற்காலிக்கு அவரே வந்திருக்கலாம் என்று பேசப்பட்டவர். கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புது வண்டி வெளிவரும் நேரம். கோளாறு ஒன்று தெரிந்தது, காரணம் பிடிபடவில்லை. வண்டிகளை வெளியே அனுப்பாமல் நிறுத்திவைத்துவிட்டு, அதை அப்படியே ஸ்லைடில் போட்டுவிட்டார். இன்றோடு ஃபீல்ட்ஸ் கதை முடிந்தது என்று அறையில் எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு தடியர்கள் கதவைத் திறந்து வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று எதிர்பார்த்தது போல முகங்கள் இருந்தன என்று முலாலி பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

முலாலி கைதட்டினார். நிலைமையைத் தெளிவாகக் காட்டியதற்குப் பாராட்டிவிட்டு, மேஜையைப் பார்த்து, மார்க்குக்கு யார் உதவ முடியும் என்று ஒரே கேள்வி கேட்டார். ஒருவர் இதே மாதிரி கோளாறை வேறொரு வண்டியில் பார்த்திருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தன் ஆட்களை ஓக்வில்லுக்கு அனுப்புவதாகச் சொன்னார். சில நிமிடங்களில் அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்தடுத்த வாரங்களிலும் ஃபீல்ட்ஸ் தன் நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களின் ஸ்லைடுகளிலும் மஞ்சளும் சிவப்பும் எட்டிப்பார்த்தன. 2014-இல் முலாலி ஓய்வு பெற்றபோது அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் இதே ஃபீல்ட்ஸ்.

இந்தக் கதையை மேலாண்மைப் பேச்சாளர்கள் வெகுவாகத் தேய்த்துவிட்டார்கள். கைதட்டினார், மனசு பெரியது, ஊழியர்களை நேசியுங்கள் என்று முடித்துவிடுவார்கள். தரக்கட்டுப்பாட்டுக்காரன் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும். லைனில் ரிஜெக்‌ஷனே இல்லை, வாடிக்கையாளரிடமிருந்து மட்டும் புகார் வந்துகொண்டே இருக்கிறது என்றால் நாங்கள் முதலில் பாகத்தைத் தொட மாட்டோம். கேஜ் சரியாக அளக்கிறதா என்று பார்க்க அதைக் கேலிபரேஷனுக்கு அனுப்புவோம். கேஜ் பொய் சொன்னால் எல்லாப் பாகமும் பாஸ்தான். ஃபோர்டில் வண்டி கெட்டிருந்தது, செலவு கெட்டிருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே கேஜ் கெட்டிருந்தது. முலாலி முதலில் கேஜைச் சரிசெய்தார். அவருடைய பொறியாளர் புத்தி தெரிவது அங்கேதான். எந்த வண்டிக்கு எந்த இன்ஜின் என்று முடிவெடுத்ததிலோ, கணக்குப் போட்டதிலோ எனக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உதவி கேட்டாரே தவிர, தீர்வை அவர் சொல்லவில்லை. காரில் அந்தக் கோளாறைப் பற்றி அவருக்குத் தெரியவும் தெரியாது. தெரியாதது இங்கே நல்லதாகப் போயிற்று. தெரிந்திருந்தால் உங்களையும் என்னையும் போல எழுந்து போய்ப் பலகையில் படம் போட ஆரம்பித்திருப்பார், மீதிப் பத்துப் பேரும் வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

எனக்கும் ஒரு கதை உண்டு. பல வருடம் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) மாதாந்திர ரிவியூ. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஒரு டையின் (பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) தேய்மானம் அளவைத் தாண்டப் போகிறது, இரண்டு மாதத்தில் பிரச்சினை வரும் என்று ஸ்லைடில் சிவப்பு போட்டார். ஜி.எம். (பொது மேலாளர்) அவரிடம், "இதைச் சொல்லவா உங்களுக்குச் சம்பளம்? வழியோடு வாங்க" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பிரச்சினையோடு வராதே, தீர்வோடு வா என்று நிறையப் பேர் பெருமையாகச் சொல்வதும் இதுதான். அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் ஸ்லைடு பச்சை. அதைப் பார்த்துவிட்டு என்னுடையதையும் பச்சையாக்கிக்கொண்டேன். மூன்றாவது மாதம் வாடிக்கையாளரின் லைன் நின்றது. நான்கு பேரை அங்கே அனுப்பி, கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தோம். அந்தத் தவறில் ஜி.எம்.முக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு எனக்கும் உண்டு.

தீர்வு கையில் இருந்தால் அது மஞ்சள். சிவப்பு என்பதற்கு அர்த்தமே எனக்கு வழி தெரியவில்லை, யாராவது வாருங்கள் என்பதுதான். தீர்வோடு வா என்று சொல்கிற மேலாளர் தன் மேஜையிலிருந்து சிவப்பு நிறத்தையே எடுத்துவிடுகிறார்.

மீட்டிங் ஒன்று மட்டுமே ஃபோர்டைக் காப்பாற்றிவிட்டது என்று சொன்னால் அது கட்டுக்கதை. 2006 கடைசியில் ஆலைகள், காப்புரிமைகள், நீல நிற முட்டை வடிவ லோகோ உட்பட ஏறக்குறைய எல்லாச் சொத்துகளையும் அடமானம் வைத்துச் சுமார் 2,350 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தார்கள். அந்த யோசனையும் வேலையும் முலாலி வருவதற்கு முன்பே அங்கே இருந்த நிதிப் பிரிவினரோடு சேர்ந்து நடந்தது. 2008-இல் உலகச் சந்தை விழுந்தபோது வங்கிகள் கதவைச் சாத்திவிட்டன. ஃபோர்டிடம் மட்டும் பணம் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் 1,400 கோடி டாலருக்கும் மேல் நஷ்டப்பட்டும் தாங்கியது அதனால்தான். 2009-இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவாலாகி அரசுப் பணத்தில் எழுந்தன. ஃபோர்டு அந்த உதவியை வாங்கவில்லை (எரிபொருள் சிக்கன வண்டிகளுக்கென்று அரசின் எரிசக்தித் துறையிடம் 590 கோடி டாலர் கடன் வாங்கியது உண்மை, அதையும் சொல்லிவிட வேண்டும்). அந்த வருடமே 270 கோடி டாலர் லாபம் காட்டியது. அடமானம் வைத்த லோகோ 2012-இல் திரும்பி வந்தது. கடன் வாங்கிய நேரம் முன்யோசனை, அது அதிர்ஷ்டமாகவும் அமைந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிராண்டுகளை விற்றதில் அவர் தயவு காட்டவில்லை. ஆஸ்டன் மார்ட்டின் போயிற்று, வோல்வோ போயிற்று, மெர்குரியை மூடினார்கள். ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்க ஃபோர்டு 500 கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருந்தது. 2008-இல் டாடா மோட்டார்ஸுக்கு 230 கோடிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் இதை டாடா பழிவாங்கிய கதையாகச் சொல்லித் திருப்திப்படுவார்கள். முலாலி பக்கத்திலிருந்து பார்த்தால், ஒழுகுகிற கப்பலில் எதைத் தூக்கிக் கடலில் போடுவது என்ற கணக்கு.

அவருக்கு ஒரு பலவீனமான பக்கமும் உண்டு. 2008 நவம்பரில் மூன்று கார் கம்பெனித் தலைவர்களும் அரசிடம் உதவி பற்றிப் பேசத் தனி விமானத்தில் வாஷிங்டன் போய் இறங்கி ஊர் சிரித்தது. வருடத்துக்கு ஒரு டாலர் சம்பளத்துக்கு வேலை செய்வீர்களா என்று நாடாளுமன்ற விசாரணையில் கேட்டதற்கு, இப்போது இருப்பதே போதும் என்கிற மாதிரிப் பதில் சொன்னார் முலாலி. ஃபோர்டில் சேர்ந்த முதல் நான்கு மாதங்களுக்கு மட்டும் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 2.8 கோடி டாலர். அதே காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் இரண்டாவது விசாரணைக்கு எஸ்கேப் ஹைபிரிட் காரில் போனார், கடன் வாங்க நேர்ந்தால் ஒரு டாலர் சம்பளத்துக்குச் சம்மதம் என்றும் சொன்னார். ஒரு மாதம் தாமதம்தான்.

ஆனால் அதே விசாரணையில் அவர் செய்த ஒன்று எங்களைப் போன்ற உதிரிபாகக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். தனக்கு வேண்டாத உதவியைப் போட்டியாளர்களுக்குக் கொடுங்கள் என்று வாதாடினார். ஜெனரல் மோட்டார்ஸ் விழுந்தால் அதற்குப் பாகம் கொடுக்கும் சப்ளையர்கள் விழுவார்கள், அவர்களில் பலர் ஃபோர்டுக்கும் பாகம் கொடுப்பவர்கள், ஆகவே ஃபோர்டின் லைனும் நிற்கும். எதிரி ஒழிந்தான் என்று கொண்டாடுகிறவர் இதைப் பார்க்க மாட்டார். எந்த போல்ட்டு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பழகியவர் பார்ப்பார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் பொறியாளர்தான் தலைவராக வேண்டும் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். போயிங்கையே பாருங்கள். 2015-இல் மெக்னெர்னிக்குப் பின் தலைமைக்கு வந்த டெனிஸ் மியூலன்பர்க் அசல் விமானப் பொறியாளர், வாழ்க்கை முழுக்க போயிங்கிலேயே இருந்தவர். அவர் காலத்தில் 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு உணரியின் தவறான அளவை நம்பி மூக்கைக் கீழே தள்ளிய மென்பொருள் அதில் இருந்தது. விபத்துகளுக்கு முன், 2018 கோடையில், 737 விமானங்களைக் கட்டும் ரென்டன் ஆலையின் மூத்த மேலாளர் ஒருவர் லைனை நிறுத்துங்கள், ஆட்கள் களைத்துப்போய்த் தவறு செய்கிறார்கள் என்று மேலே எழுதியிருக்கிறார். லைன் நிற்கவில்லை. அவர் அதைப் பின்னால் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியாகச் சொன்னார். கோமாளிகள் வடிவமைத்து, குரங்குகள் மேற்பார்வை பார்க்கும் விமானம் இது என்று ஊழியர் ஒருவர் 2017-இல் சக ஊழியருக்கு அனுப்பிய செய்தியும் வெளியே வந்தது. ஆக, சிவப்பு கீழே இருந்தது. அதை எழுதிக்காட்டும் ஸ்லைடுதான் மேலே போகவில்லை. மேலே உட்கார்ந்திருந்தவர் கையில் பொறியியல் பட்டம் இருந்தும் அவருக்கு அது வந்து சேரவில்லை.

முலாலியின் ஃபோர்டிலும் இது நடந்தது. அவர் தலைமையில் இருந்தபோது வந்த ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களின் இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் அமெரிக்காவில் பெரிய தலைவலி. வண்டி உதறியது, தயங்கியது, வழக்குகள் குவிந்தன. அந்தக் கியர்பாக்ஸ் சரியில்லை என்று உள்ளேயே எச்சரிக்கைகள் இருந்ததை, கம்பெனியின் உள் ஆவணங்களை வைத்து 2019-இல் டெட்ராய்ட் நாளிதழ் ஒன்று விரிவாக எழுதியது. வியாழக்கிழமை மேஜையில் கைதட்டல் கேட்ட அதே கம்பெனி. மேல் மாடியில் கேஜைச் சரிசெய்தால் அது மேல் மாடியின் கேஜ் மட்டுமே. அதற்குக் கீழே எத்தனை படியோ அத்தனை மீட்டிங் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு முகம் உட்கார்ந்து சிவப்பைப் பார்த்துச் சுளித்துக்கொண்டிருக்கிறது. முலாலியை நான் மெச்சுவது குறையவில்லை, ஆனால் அவர் முறை எங்கே நின்றுபோகும் என்பதும் எனக்கு இதனால்தான் தெரிந்தது.

நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மறைமலை நகர் ஆலையை விரிவாக்க 50 கோடி டாலர் போடுவதாக 2008-இல் ஃபோர்டு அறிவித்தது முலாலி காலத்தில். அந்தப் பணத்தில் வந்தது 2010-இன் ஃபிகோ, டெல்லிக்கு வந்து அதன் திரையை விலக்கியவரும் அவர்தான். ஒரே வண்டியை உலகம் முழுக்க விற்பது என்ற அவருடைய 'ஒரே ஃபோர்டு' கொள்கையின்படி எக்கோஸ்போர்ட் அங்கிருந்து கப்பலேறியது. 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள், பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். 2022-இல் மறைமலை நகரில் கடைசி வண்டி இறங்கியது. உலகத்துக்கெல்லாம் ஒரே திட்டம் என்பது டெட்ராய்டில் மருந்தாக இருந்தது. இங்கே விலையைப் பார்த்து வாங்கும் சந்தைக்கு அது ஒத்துப்போனதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த ஆலையை நம்பிப் பாகம் செய்துகொண்டிருந்த சின்னக் கம்பெனிகளில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஆகவே இதில் நான் நடுநிலையாகப் பேசுகிறேன் என்று நம்பவேண்டாம்.

இனி உங்கள் எட்டுப் பேர். ஸ்லைடு எல்லாம் வேண்டாம், ஒரு வெள்ளைப் பலகையும் மூன்று நிறப் பேனாவும் போதும். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், அரை மணி. ஆளுக்கு ஒரு வரி, ஒரு நிறம். யாராவது சிவப்பு போட்டால் முதலில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற ஏழு பேரும் பார்ப்பது பலகையை விட அதைத்தான். 'ஏன் முன்னாடியே சொல்லலை' என்பது நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். யார் உதவ முடியும் என்று கேட்டுவிட்டு, சங்கடமாக இருந்தாலும் யாராவது பேசும்வரை காத்திருங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும்கூட. மேலதிகாரி உங்களிடம் அறிக்கை கேட்கும்போது அந்தச் சிவப்பை மஞ்சளாக்கி அனுப்பாதீர்கள், அது தெரிந்த நாளிலிருந்து உங்கள் பலகையிலும் மஞ்சள்தான் இருக்கும்.

முதல் இரண்டு மூன்று வாரம் பலகை பச்சையாகவே இருக்கும், அது வழக்கம்தான். நாலாவது வாரமும் அப்படியே இருந்தால், சிவப்புப் பேனாவை நீங்கள் எடுத்து உங்கள் பெயருக்கு நேரே ஒன்றைப் போடுங்கள். ஒப்புக்குச் சின்னதாக ஒன்றைப் போடக்கூடாது, ராத்திரி உங்களைத் தூங்கவிடாத ஒன்று வேண்டும். போட்டுவிட்டு அவர்களிடம் உதவி கேளுங்கள்.